காப்புக் கட்டிய பூச்சட்டிகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரை படித்தவள். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் பேச்சு வராது. கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில்தான் உட்காருவேன். அப்படிப்பட்டவள் பத்திரிகையின் வாசகர் பக்கத்துக்கு எழுத வந்ததற்கு நான் வேலை பார்த்த பூச்செடி நர்சரியின் ஆபீஸ் பெண் நிரோஷினிதான் காரணம். பழைய கதைகளை வாட்சாப்பில் குரலாகப் பதிந்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். "அக்கா, ஏரோப்ளேன் சத்தம்தான் கேக்குது, நீங்க எங்க இருக்கீங்கன்னே தெரியல. பேசாம எழுதிக் குடுங்கலா" என்றாள். மலாக்காவின் பத்து பெரண்டாம் என்ற ஊரில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் அப்படித்தான்.

அவள் கேட்டதற்கும் ஒரு காரணம் உண்டு. இப்போது நர்சரியில் புல் முளைக்காமல் இருக்கச் சட்டியின் மண்மேல் தேங்காய் நாரில் செய்த வட்டத் தட்டைப் போடுகிறார்களாம். தோசைக்கல்லுக்கு மூடி போட்டதுபோல் இருக்கிறது, போய்ப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள், "முன்ன என்ன செஞ்சாங்க? ஸ்பைடர் லில்லி வரிசைக்கு ஏன் புல் மருந்து போடாம விட்டாங்க?" என்று கேட்கிறார்களாம். அந்த லில்லி வரிசைக்கு ஒரு கதை இருக்கிறது. அதற்குள் எங்களோடு கையால் களையெடுத்த பாக்கியம் அக்காவின் பிழைப்பும் இருக்கிறது.

நான் ஜாசின் ஊர்ப் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். பள்ளிக்கூடம் விட்டதும் மருந்தடிக்கும் பெண்களோடு சேர்ந்தேன். முதுகில் பம்ப், காலில் பூட்ஸ், முகத்தில் துண்டு. செம்பனை மரங்களுக்கு அடியில் லாலாங் புல்லுக்கு மருந்தடித்தே என் இளமை போயிற்று. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தோட்டம் கைமாறிய பிறகு நர்சரி வேலைக்கு வந்தேன்.

புல் மருந்து தெரிந்தவள் என்றுதான் என்னை எடுத்தார்கள். வந்து பார்த்த பிறகுதான் எனக்குப் பாதிதான் தெரியும் என்று புரிந்தது. தோட்டத்தில் மரம் பெரியது, புல் சின்னது. காலடியில் அடித்தால் மரம் கண்டுகொள்ளாது. நர்சரியில் செடியும் புல்லும் ஒரே உயரம், ஒரே சட்டி, ஒரே மண். பிள்ளையும் பகையாளியும் ஒரே பாயில் படுத்திருப்பதுபோல. ஒருவனை எழுப்பாமல் மற்றவனை வெளியேற்ற வேண்டும்.

அந்த வித்தையில் எங்கள் மேற்பார்வையாளர் முத்தையா அண்ணனைப் போல் நிதானமானவரை நான் பார்த்ததில்லை. அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு முகப்பவுடர் டப்பா இருக்கும். பம்பைத் தூக்குவதற்கு முன் கையை உயர்த்திக் கொஞ்சம் பவுடரைத் தட்டிவிடுவார். அது நேராகக் கீழே இறங்கினால் வேலை. சாய்ந்து போனால், "பம்பை இறக்கு, தேத்தண்ணி குடி" என்பார். பவுடர் போகிற இடத்துக்கு மருந்தும் போகும் என்பது அவர் கணக்கு. பாக்கியம் அக்கா இதைப் பார்த்துவிட்டு, "அண்ணே காத்துக்கு மேக்கப் போடுறாரு, பொண்ணு பாக்க வராங்க போல" என்பார். அண்ணன் சிரிக்காமல் டப்பாவைப் பையில் போட்டுக்கொள்வார்.

அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, மரியாதை வரும். மற்ற நாளெல்லாம் என்னை "வா, போ, கமலா" என்பவர், கோபம் வந்துவிட்டால், "வாங்கம்மா, இப்படி உக்காருங்க" என்பார். அவர் வாயிலிருந்து "ங்க" வந்தால் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிடுவோம்.

ஒருமுறை காகிதப்பூச் செடிகளின் நுனிகள் எல்லாம் முறுக்கிக்கொண்டன. இலை அகலம் குறைந்து, ஓரம் சுருண்டு, பிழிந்துவிட்ட முறுக்கு மாதிரி ஆகிவிட்டன. பூச்சியா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அண்ணன் செடியைப் பார்க்காமல் பம்பைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அகன்ற இலைக் களைகளைக் கொல்ல மைதானப் புல்தரைக்கு அடிப்பார்களே, அந்த மருந்தின் வாடை. செடிக்கு ஊட்டத் தண்ணீர் அடிக்கும் பம்பில் அது எப்படி வந்தது?

"தயவுசெஞ்சு சொல்லுங்கம்மா," என்றார் எங்களை வரிசையாக நிறுத்தி. "இந்தப் பம்பை வெளிய யாருக்குக் குடுத்தீங்க?"

பாக்கியம் அக்காதான் மெதுவாக, "அண்ணே, திருவிழாவுக்கு முந்தி கோயில் திடலுக்கு மருந்தடிக்கணும்னு ஒருத்தர் வந்து வாங்கிட்டுப் போனாரு இல்ல?" என்றார்.

"யாருகிட்ட வாங்கினாரு?"

"உங்ககிட்டதாண்ணே."

அண்ணன் பம்பைக் கீழே வைத்தார். பிறகு தன் நெஞ்சில் கைவைத்து, "முத்தையா, நீங்க இப்படிச் செய்யலாமாங்க?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் தலைக்கு மேலே பறந்த பயிற்சி விமானத்தின் சத்தம்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கே புல் மருந்துப் பம்புக்குச் சிவப்புச் சாயம், ஊட்டப் பம்புக்குப் பச்சைச் சாயம் பூசினோம். அந்தச் செடிகளை ஒதுக்கி வைத்து, நுனிகளை வெட்டி, புதுத் தளிர் நேராக வரும்வரை லோரியில் ஏற்றவில்லை.

இனி லில்லி வரிசைக்கு வருகிறேன்.

பாக்கியம் அக்கா கையால் களை எடுக்கும் பெண்களுக்குத் தலைவி. தங்கா பத்து என்ற ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். வழியில் என்னையும் ஏற்றிக்கொள்வார். எங்கள் நர்சரியில் புல் என்றால் பெரிய புல் இல்லை. புளியாரை, கீழாநெல்லி, அம்மான் பச்சரிசி, எப்போதாவது குருவி எச்சத்தில் வந்த மணத்தக்காளி. சட்டி தவறாமல் வரும். அக்காவின் விரல்கள் அவற்றை வேரோடு எடுக்கும் வேகம் பூத்தொடுப்பவர்களுக்குக்கூட வராது. பேசிக்கொண்டே எடுப்பார். கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம், வாய் எல்லாப் பக்கமும்.

நர்சரி முதலாளி ஜமால் நானா. மலாக்கா டவுனில் அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து மளிகைக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். நானாவுக்குச் செடிமேல் ஆசை வந்து நர்சரி ஆரம்பித்தார். ஒருநாள் மருந்து விற்பனையாளர் ஒருவரை அழைத்து வந்தார். சீன இளைஞர், நல்ல மாதிரி. அவர் கொண்டு வந்தது அடிக்கிற மருந்து இல்லை, தூவுகிற குருணை. மண்மேல் தூவித் தண்ணீர் விட்டால் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். முளைத்த புல்லை அது ஒன்றும் செய்யாது. விதை முளைவிட்டு அந்தப் படலத்தைத் தொட்டால் கருகிவிடும்.

நானா எல்லார் முன்னிலையிலும் மறைக்காமல் சொன்னார். "சோதனை பண்ணிப் பாப்போம். இது வேல செஞ்சா களையெடுக்க இத்தன பேரு வேண்டியதில்ல. நான் ஒளிச்சு மறைச்சுப் பேசமாட்டேன். பாக்கியம், நீ மனச தயார் பண்ணிக்கோ."

அக்கா தலையை ஆட்டினார். அவருடைய மகள் அப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். அக்காவுக்குக் கணவர் இல்லை. அன்று சாயங்காலம் மோட்டாரை மெதுவாகவே ஓட்டினார். வீட்டு முனையில் நான் இறங்கியதும், "நாளைக்கு வரேன் டாக்டரம்மா. மருந்து குடுக்கப் போறவ நீதானே" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெயர் எனக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் சொன்னபடியே தூவும் வேலை எனக்குத்தான் வந்தது. முத்தையா அண்ணன் இக்சோரா, காகிதப்பூ, ஸ்பைடர் லில்லி மூன்றிலும் சட்டிகளைப் பிரித்தார். பாதிக்கு மருந்து, பாதிக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் போடாத சட்டியில் எவ்வளவு புல் வருகிறதோ, அதை வைத்துத்தான் மருந்து எவ்வளவு தடுத்தது என்று தெரியும் என்றார். எல்லாச் சட்டியிலும் முதலில் பழைய புல்லைச் சுத்தமாக எடுத்தோம். காலையில் தண்ணீர் விட்டு, இலை காயும்வரை காத்திருந்தோம். அண்ணன் புறங்கையை இலைமேல் வைத்துப் பார்ப்பார். ஈரம் பட்டால், "இன்னும் இல்ல" என்பார். இலை ஈரமாக இருந்தால் குருணை ஒட்டிக்கொண்டு அந்த இடத்தைச் சுட்டுவிடும். அதனால் ஈர இலைக்கு மருந்து கிடையாது. இந்த ஒரு விதியை அவர் எந்த அவசரத்திலும் மீறியதில்லை. காய்ந்த பிறகு கையுறை, முகமூடி போட்டுக்கொண்டு, அளவு மூடியால் அளந்து தூவி, செடியை லேசாக உலுக்கி, மறுபடி தண்ணீர் விட்டேன். "இனிமே இந்த மண்ணுல யாரும் விரல் விடக்கூடாது. விரல் பட்டா படலம் கிழியும்" என்றார்.

மருந்து போட்ட சட்டிகளைத் தொடக்கூடாது என்றுதான் சொன்னார். மருந்து போடாத சட்டிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிழை அங்கேதான் நடந்தது.

புல் நன்றாக வந்தபின் நானாவும் விற்பனையாளரும் பார்க்க வருவதாக ஏற்பாடு. எங்கள் நர்சரியில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளி வருகிறார், ஆள் கூட்டி வருகிறார் என்றால், முந்திய நாளே முன்வரிசையைக் கண்ணாடிபோல் துடைத்து வைப்போம். யாரும் சொல்லத் தேவையில்லை. சோதனைச் சட்டிகள் முன்வரிசையில்தான் இருந்தன.

நானா வந்தார். விற்பனையாளர் வந்தார். மருந்து போட்ட சட்டியில் புல் இல்லை. போடாத சட்டியிலும் ஒரு புல் இல்லை. விற்பனையாளர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், சட்டியைத் தூக்கி அடியில்கூடப் பார்த்தார்.

நானா வயிறு குலுங்கச் சிரித்தார். "மருந்து போடாமலே முளைக்கல. அப்புறம் எதுக்குலா எனக்கு மருந்து?"

அவர்கள் போனதும் முத்தையா அண்ணன் மெதுவாக நடந்து வந்தார். "உக்காருங்கம்மா எல்லாரும்."

கையிலிருந்ததைக் கீழே வைத்தோம்.

"போடாத சட்டியில இருந்த புல்லு எங்க போச்சுங்க?"

பாக்கியம் அக்கா எழுந்தார். "நான்தாண்ணே எடுத்தேன். நேத்து. விருந்தாளி வர்ற நேரத்துல முன்னாடி அவ்வளவு புல்லு, கண்ணுக்கே கூசுது. இதுல மணத்தக்காளி வேற நல்லா வந்திருந்துச்சு. வீட்டுல கூட்டு வச்சிட்டேன்."

வரிசையின் ஓரத்திலிருந்து யாரோ, "வேல போயிரும்னு பயத்துல எடுத்திருப்பா" என்று முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது. அக்காவின் முகம் மாறியது. கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ கூட்டத்தில் பேச்சு வராது. எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

முத்தையா அண்ணன் அக்காவைப் பார்த்தார். மரியாதை குறைந்து, பழைய குரல் திரும்பியது. "பாக்கியம் பயந்து எடுக்கல. வழக்கத்துல எடுத்தா. புல்லு இருக்கணும்னு நான் சொல்லவே இல்ல. களையெடுக்கிறவகிட்ட களைய விட்டு வையின்னு சொல்ல வேண்டியது நானு. மறுபடி முதல்லேருந்து."

மறுநாள் அவர் வரும்போது கையில் மஞ்சள் நூல் உருண்டை இருந்தது. மருந்து போடாத சட்டி ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சுற்றுச் சுற்றி முடிந்தார்.

"காப்புக் கட்டியாச்சு," என்றார். "அவுக்கிற வரைக்கும் இந்தப் புல்லுக்கு உயிர்ப்பிச்சை, நம்ம கைக்கு விரதம். யாரும் தொடக்கூடாது."

திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் அவிழ்க்கும்வரை ஊரை விட்டுக்கூடப் போகாத பெண்கள் நாங்கள். வேறு எந்த வார்த்தையும் எங்களைக் கட்டியிருக்காது. அட்டையில் எழுதி வைத்திருந்தாலும், எழுத்தைப் படித்துக்கொண்டே கை புல்லைப் பிடுங்கியிருக்கும்.

அடுத்து வந்த வாரங்கள் அக்காவுக்குப் பெரிய சோதனை. எங்கள் எல்லாருக்கும் கணக்குத் தெரியும். மஞ்சள் நூல் கட்டிய சட்டியில் புல் வளர வளர மருந்துக்குப் பெருமை. மருந்துக்குப் பெருமை வந்தால் அக்காவுக்கு வேலை இல்லை. தன்னை வெளியே அனுப்பப் போகிற புல்லைத் தானே காவல் காத்தார். அந்த வரிசையைக் கடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார், அல்லது துண்டை முகத்தின் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நடப்பார்.

"ஏன்க்கா, மாமியார் வரிசையா அது? முகத்த மறைக்கிறீங்க?" என்று ஒருத்தி கேட்பாள்.

"மாமியாரா இருந்தா மூஞ்சில முழிச்சிருவேன்டி. இது புளியாரை. என்னப் பாத்து கண்ணடிக்குது."

சட்டிகளில் புளியாரை காய்த்து வெடித்து, விதை பக்கத்துச் சட்டி வரை தெறித்தது. கீழாநெல்லி முழங்கை உயரம் வந்தது. நானா ஆள் கூட்டி வந்த நாட்களில் வெளியாட்கள் முகம் சுளித்தார்கள். அக்கா தூரத்தில் நின்று கைகளைப் பிசைவார். ஒருமுறை மதியச் சாப்பாட்டின்போது என்னிடம் கேட்டார்: "கமலா, உண்மையச் சொல்லு. உன் மருந்து நல்லா வேல செய்யுதா?"

"செய்யுதுக்கா. இக்சோராவுல ஒரு புல்லும் இல்ல."

"ம்." நாசி லெமாக் சோற்றை ஒரு வாய் சாப்பிட்டார். "நல்லா செஞ்சுத்தான் போகட்டும். நானும் கட்டுன காப்ப அவுக்க மாட்டேன்."

எனக்குள் இரண்டு ஆசைகள் சண்டை போட்டன. என் கையால் போட்ட மருந்து வெல்ல வேண்டும். மோட்டாரில் எனக்கு முன்னால் உட்கார்ந்து போகிறவரும் வெல்ல வேண்டும்.

முடிவு பார்க்கும் நாள் வந்தது. நானா, விற்பனையாளர், முத்தையா அண்ணன் மூவரும் வரிசை வரிசையாகக் குனிந்தார்கள். நாங்கள் பின்னால் நின்றோம்.

இக்சோராவும் காகிதப்பூவும் மருந்துக்கே வெற்றி. நூல் கட்டிய சட்டி காடு. மருந்துச் சட்டி சுத்தம். நானா விற்பனையாளரின் முதுகில் தட்டிக்கொடுத்தார். பாக்கியம் அக்கா தரையைப் பார்த்தார். ஆனால் அங்கங்கே மருந்துச் சட்டிகளிலும் ஊசிபோலக் கோரை நின்றது. "கோரை விதையில வரல, கிழங்குல வருது. இந்தப் படலம் அதுக்குத் தடை இல்ல. கையாலதான் கிழங்கோட எடுக்கணும்" என்றார் அண்ணன். விற்பனையாளரும் தலையாட்டினார். அதை அவர் மறைக்கவே இல்லை.

பிறகு ஸ்பைடர் லில்லி. அதன் இலைகள் அடியில் ஒன்றையொன்று தழுவி நடுக்குருத்தில் கிண்ணம்போல் குழிந்திருக்கும். எவ்வளவு உலுக்கினாலும் நாலு குருணை அந்தக் கிண்ணத்தில் தங்கிவிடும். மேலிருந்து தண்ணீர் விட்டபோது அது அங்கேயே கரைந்திருக்கிறது. வெளியே இலை பச்சையாகத்தான் இருந்தது. அண்ணன் குருத்தை விரலால் விரித்துக் காட்டினார். உள்ளே பழுப்பாக வெந்திருந்தது. புதிதாக வந்த இலைகளில் இஸ்திரிப் பெட்டி பட்டதுபோல் குறுக்கே தழும்பு.

விற்பனையாளர் உதட்டைப் பிதுக்கினார். "இனி தாக் போலே, நானா," என்றார் மலாயில். அதாவது, இதற்குப் போடக்கூடாது. "கிண்ணம் மாதிரி குருத்து இருக்கிற எதுக்கும் வேணாம்."

நர்சரியில் அப்படிப்பட்ட செடிகள்தாம் பின்பாதி முழுதும். ஸ்பைடர் லில்லி, தாழை வகைகள், அன்னாசிக் குடும்பத்து அலங்காரச் செடிகள். வீடு கட்டி விற்கும் கம்பெனிகள் அதிகம் வாங்குவதும் அவற்றைத்தான்.

நானா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பின்பாதியைப் பார்த்தார். பிறகு மஞ்சள் நூல் கட்டிய லில்லிச் சட்டிகளுக்குத் திரும்பினார். லில்லி நன்றாக இருந்தது, சுற்றிலும் புல் முழங்கை உயரத்துக்குக் கும்மாளம் போட்டது.

"பாக்கியம், இங்க வா. இவ்வளவு நாளு இதப் பாத்துக்கிட்டு எப்படி சும்மா இருந்த?"

"காப்புக் கட்டிட்டா தொடலாமா நானா?"

"வேல போயிரும்னு தெரியும்ல?"

"தெரியும். அதுக்காக?"

நானா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு முத்தையா அண்ணனிடம் சொன்னார். "முன்பாதிக்கு மருந்து. பின்பாதி முழுக்க பாக்கியத்தோட கை. கோரையும் அவங்கதான். யாரும் எங்கயும் போக வேண்டாம்." அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "எங்களுக்கும் நோன்பு தெரியும்மா. பாங்கு சொல்லியாச்சு. தொறந்துக்கோ."

முத்தையா அண்ணன் கத்தரிக்கோலால் முதல் நூலை வெட்டினார். அவர் இரண்டாவதை வெட்டுவதற்குள் முதல் சட்டி சுத்தமாகிவிட்டது. அக்கா மண்டியிட்டு, சிரித்துக்கொண்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் இரண்டு கையாலும் பிடுங்கினார். மற்றப் பெண்களும் பாய்ந்தார்கள். வெடித்த புளியாரை விதைகள் முகத்தில் எல்லாம் தெறித்தன.

"டாக்டரம்மா, வேடிக்க பாக்காத! உன் நோயாளிங்க முன்பாதியில இருக்காங்க, நாளைக்குப் போ. இன்னிக்கு இங்க வந்து கையக் குடு!"

போய்க் கொடுத்தேன்.

மறுநாள் முன்பாதி முழுவதற்கும் மருந்து போடுவதாக ஏற்பாடு. விடிந்ததிலிருந்து மழை பெய்தது. அண்ணன் இலைமேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் இல்ல" என்றார். முன்பாதியிலும் எல்லாரும் கையால்தான் களை எடுத்தோம்.